பழைய லென்ஸ்களின் தரம் உண்மையில் எதில் இருக்கிறது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இப்போது இரண்டு பழைய லென்ஸ்கள் இருக்கின்றன. ஒன்று, மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44-2; அதன் குவியத் தூரம் 58 மி.மீ., முழுத் திறப்பு எஃப்/2 (இந்த எண் சிறிதாக இருந்தால் ஒளி புகும் திறப்பு பெரிது என்று பொருள்). மற்றொன்று, ஜப்பானின் அசாஹி ஆப்டிக்கல் நிறுவனம் தன் பென்டாக்ஸ் கேமராக்களுக்காகச் செய்த சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4. இரண்டும் எம்42 எனப்படும் திருகு மவுண்ட் கொண்டவை என்பதால், ஒரே அடாப்டரைப் போட்டு, ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன்.

படங்களைப் பார்ப்பவர்கள் இவற்றில் ஏதோ ஓர் அழகு இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த அழகு லென்ஸை வடிவமைத்தவர் கருதிச் செய்ததா, அவரால் நீக்க இயலாமல் விட்ட குறையா, அல்லது பழம்பொருள்கள் மீது நமக்குள்ள பற்றுதான் அப்படிப் பார்க்கவைக்கிறதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஹீலியோஸில் எடுத்தால், பின்னணியில் உள்ள இலைகள் நடுவில் நிற்பவரைச் சுற்றிச் சுழல்வதுபோலத் தெரிகின்றன. டாக்குமாரில் அந்தச் சுழற்சி இல்லை. மாறாக, படம் முழுவதும் ஒரு மஞ்சள் சாயல் படிகிறது. கையில் எடுத்து வளையத்தைத் திருப்பும்போது இவ்விரண்டும் தரும் நிறைவு, இன்றைய லென்ஸ்கள் எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இவற்றின் வடிவமைப்பையும் வேலைப்பாட்டையும் தெரிந்து ரசிப்பதற்கு எதையெதைக் கவனிக்க வேண்டும்? ஒளியியல் அறிந்தவர்களும், லென்ஸ்களைப் பிரித்துப் பழுதுபார்த்தவர்களும் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1

ஹீலியோஸிலிருந்து தொடங்குகிறேன். அதன் பரம்பரை தெரிந்துவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி தெளிந்துவிடும்.

ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த கார்ல் சைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே வடிவமைத்து, 1936-இல் எக்சாக்டா கேமராவுக்காக வெளிவந்த பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2 லென்ஸே ஹீலியோஸுக்கு மூலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யேனா சோவியத் ஆளுகைக்குள் வந்தபோது அந்த வடிவமைப்பு ரஷ்யாவுக்குச் சென்றது. அங்கே கிடைத்த கண்ணாடி வகைகளுக்கு ஏற்பக் கணக்குகள் திருத்தப்பட்டு, ஸெனித் கேமராக்களோடு மிகப் பெரிய எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்தது. பயோட்டாருக்கும் முன்னோடி ஒன்று உண்டு. அதே சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896-இல் உருவாக்கிய பிளானார்தான் அது. அபர்ச்சருக்கு, அதாவது ஒளி புகும் அளவைக் கட்டுப்படுத்தும் திறப்புக்கு, முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கண்ணாடித் தொகுதிகளை எதிரெதிராக அமைத்தால், முன்பாதி உண்டாக்கும் சில பிழைகளைப் பின்பாதி எதிர்த்திசையில் உண்டாக்கி நேர்செய்துவிடும் என்பதே அதன் அடிப்படை. நேர்கோடுகள் வளைவது, படத்தின் ஓரங்களில் நிறங்கள் பிரிவது, ஒளிப்புள்ளிகள் வால் முளைத்தாற்போல் இழுபடுவது ஆகிய மூன்றும் இந்தச் சமச்சீர் அமைப்பினாலேயே பெருமளவு அடங்கிவிடுகின்றன. இன்றும் நாம் வாங்கும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்களில் பல இதே அமைப்பின் வழித்தோன்றல்கள்தாம்.

இவ்வளவு நல்ல அமைப்பு 1896-இலேயே கிடைத்திருந்தும் பல பத்தாண்டுகளுக்கு ஏன் பரவவில்லை என்று கேட்டால், அங்கேதான் பழைய லென்ஸ்களின் உண்மையான சுவை தொடங்குகிறது. எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடியின் பரப்பு, காற்றைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும், தன்மீது விழும் ஒளியில் 4 முதல் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பிளானாரில் 6 கண்ணாடிகள் 4 தொகுதிகளாக இருப்பதால், காற்றைத் தொடும் பரப்புகள் 8. கணக்கிட்டுப் பார்த்தால், உள்ளே நுழையும் ஒளியில் கால் பங்குக்கும் மேல் படத்தைச் சென்றடைவதில்லை. ஒளி குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திருப்பி அனுப்பப்பட்ட ஒளி வேறொரு பரப்பில் மோதி மீண்டும் முன்னே வந்து, கருமை இருக்க வேண்டிய இடங்களில் வெளிறலாகப் படிந்து கான்ட்ராஸ்டைக் கெடுப்பதுதான் பெரிய தொல்லை. ஆகவே அதே ருடால்ஃப் 1902-இல், 4 கண்ணாடிகளை 3 தொகுதிகளாக அமைத்த டெஸ்ஸாரைக் கொண்டுவந்தார். பரப்புகள் 6 ஆகக் குறைந்தன, நிழல்கள் தெளிந்தன. ஆனால் அந்த அமைப்பில் முழுத் திறப்பை எஃப்/2.8-க்கு மேல் பெரிதாக்குவது மிகக் கடினமாக இருந்தது.

இந்த இக்கட்டுக்குக் கிடைத்த விடைகளில் எனக்கு மிக அழகாகத் தோன்றுவது, 1930களின் தொடக்கத்தில் கான்டாக்ஸ் கேமராவுக்காக லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த சோனார். அதன் எஃப்/1.5 வகையில் 7 கண்ணாடிகள் இருக்கின்றன. ஆயினும் முதல் கண்ணாடி தனியாகவும், மற்றவை மூன்று மூன்றாக ஒட்டப்பட்டும் 3 தொகுதிகளாகவே நிற்பதால், காற்றைத் தொடும் பரப்புகள் டெஸ்ஸாரைப் போலவே 6-ஐத் தாண்டவில்லை. மூன்று கண்ணாடிகளை ஒட்டும்போது ஒன்றின் வளைவு அடுத்ததன் குழிவோடு இம்மியளவும் பிசகாமல் பொருந்த வேண்டும். நடு அச்சும் விலகக் கூடாது. அந்தச் செலவையும் உழைப்பையும் ஏற்றுக்கொண்டு, பூச்சு என்பதே பரவாத காலத்தில், எஃப்/1.5 அளவுக்கு ஒளி வாங்கியும் நிழலில் கருமை கெடாத ஒரு லென்ஸைச் செய்து காட்டியிருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, பழைய லென்ஸின் தரம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்டுவேன்.

பூச்சின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் 1890களில், பழமையால் மங்கிப்போன கண்ணாடி புதுக் கண்ணாடியைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். 1935-இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா, வெற்றிடத்தில் கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலத்தைப் படியவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். போருக்குப் பின் அந்தப் பூச்சு பொதுவாகிவிட்டதால், பரப்புகளை எண்ணி எண்ணிச் சிக்கனம் பிடிக்க வேண்டிய தேவை குறைந்தது; பிளானார், பயோட்டார் வகை மீண்டும் எழுந்தது. எஸ்.எல்.ஆர். கேமராக்களின் வருகையும் அதற்குத் துணை நின்றது. 50 மி.மீ. சோனாரின் கடைசிக் கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகில் வரும். எஸ்.எல்.ஆர். கேமராவில் நடுவில் எழும்பித் தாழும் பிரதிபலிப்பு ஆடிக்கு அங்கே இடம் இராது. பயோட்டார் 50-க்குப் பதில் 58 மி.மீ. ஆக இருப்பதும் அந்த இடத்தை விடுவதற்காகத்தான்.

இனிச் சுழலும் பின்னணிக்கு வருகிறேன். இரண்டு காரணங்கள் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. படத்தின் ஓரத்துக்குச் சாய்வாக வரும் ஒளிக்கற்றையை லென்ஸின் முன் விளிம்பும் பின் விளிம்பும் இருபுறமும் வெட்டிவிடுவதால், ஃபோகஸில் இல்லாத ஒளிப்புள்ளிகள் நடுவில் வட்டமாகவும் ஓரத்தில் கண் வடிவிலும் தெரிகின்றன. அந்தக் கண்கள் எல்லாம் படத்தின் மையத்தைச் சுற்றி வரிசையாக அமைகின்றன. அதோடு, ஃபோகஸ் தளம் முற்றிலும் தட்டையாக இல்லாமல் ஓரங்களில் வளைவதும், அங்கே குறுக்குக் கோடுகளும் நெடுக்குக் கோடுகளும் ஒரே தூரத்தில் கூர்மையடையாததும் சேரும்போது சுழற்சி உருவாகிறது. எஃப்/4 அளவுக்குக் குறைத்தால் அது ஏறக்குறைய மறைந்துவிடும். இதை வடிவமைத்தவர் விரும்பி வைத்தார் என்று சொல்ல முடியாது. 6 கண்ணாடிகளைக் கொண்டு எல்லாப் பிழைகளையும் ஒருங்கே நீக்க இயலாது என்ற நிலையில், நடுப்பகுதியின் கூர்மையையும் நேர்கோடுகளின் ஒழுங்கையும் காப்பாற்றி, எஃப்/2-வில் ஓரத்தை விட்டுக்கொடுத்த பங்கீட்டின் விளைவு அது. எதைக் காப்பது, எதை விடுவது என்ற அந்தத் தேர்வில்தான் வடிவமைத்தவரின் கை தெரிகிறது.

அந்தத் தேர்வு எவ்வளவு உழைப்பில் விளைந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கணினிகள் வருவதற்கு முன், ஒரு கதிர் ஒவ்வொரு பரப்பிலும் எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்பதை மடக்கை அட்டவணைகளை வைத்துக்கொண்டு கையால் கணக்கிட்டார்கள். ஒரு வளைவை மாற்றினால் எல்லாக் கதிர்களையும் மறுபடி கணக்கிட வேண்டும். 1840-இல் வியன்னாவில் ஜோசஃப் பெட்ஸ்வால் தம் முகப்பட லென்ஸை வடிவமைத்தபோது, கணக்கில் தேர்ந்த பீரங்கிப் படை வீரர்களை அரசு அவருக்குத் துணையாகக் கொடுத்தது.

மறுமொழி 2

ஒளியியலை மேலே உள்ள நண்பர் விரிவாகவே சொல்லிவிட்டார். கேமரா, லென்ஸ் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், உங்கள் கை உணரும் அந்த நிறைவு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

டாக்குமாரின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே நடப்பது இதுதான்: ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் இரு மரை உருளைகள், கண்ணாடித் தொகுதி முழுவதையும் முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. சாதாரண நட்டு, போல்ட்டில் இருப்பதுபோல் ஒரே ஒரு மரை இழை மட்டும் இருந்தால் ஒரு சுற்றுக்கு நகரும் தூரம் மிகக் குறைவாக இருக்கும். ஆகவே பல இழைகளை அருகருகே தொடங்கி ஒன்றாகவே சுற்றிவர வெட்டுகிறார்கள். பல லென்ஸ்களில் ஓர் உருளை பித்தளையிலும் மற்றொன்று அலுமினியத்திலும் இருக்கும். ஒரே உலோகம் தன்மீதே உரசினால் நாளடைவில் சிராய்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதே காரணம். இழைகளுக்கு நடுவில் கிரீஸுக்கு மட்டும் இடமிருக்கும் அளவுக்குப் பொருத்தம் நெருக்கமாக இருந்தால்தான், வளையம் முதல் அங்குலத்திலும் கடைசி அங்குலத்திலும் ஒரே எதிர்ப்போடு திரும்பும். நன்றாகப் பராமரிக்கப்பட்ட டாக்குமாரில் ஆட்டமோ இறுக்கமோ எங்கும் இராது. இன்றைய மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வளையம் மோட்டாருக்குக் கட்டளை அனுப்பும் ஒரு சுவிட்சாகவே வேலை செய்கிறது. விரைவான ஆட்டோஃபோகஸுக்கு அது தேவையான ஏற்பாடுதான். ஆனால் விரலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் உலோகம் மட்டுமே இருக்கும்போது கிடைக்கும் உறுதி அதில் கிடைப்பதில்லை.

உங்கள் ஹீலியோஸ் 44-2-இல் அபர்ச்சருக்கென்று இரண்டு வளையங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைப் பழுது என்றோ தேவையற்றது என்றோ சிலர் நினைத்துவிடுகிறார்கள். முன்னால் உள்ள வளையத்தை, வேண்டிய எண்ணில், எடுத்துக்காட்டாக எஃப்/5.6-இல், ‘கிளிக்’ ஓசையோடு நிறுத்த வேண்டும். அடுத்த வளையத்துக்குக் கிளிக் கிடையாது; அதை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் எஃப்/2 திறக்கும், மறுபக்கம் திருப்பினால் நீங்கள் குறித்து வைத்த எஃப்/5.6-இல் முட்டி நிற்கும். அந்தக் காலத்துக் கேமரா, படம் எடுக்கும் நொடியில் அபர்ச்சரைத் தானே மூடாது. ஆகவே வெளிச்சமான திறப்பில் ஃபோகஸ் செய்துவிட்டு, கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல், எண்ணைப் பார்க்காமல், விரலாலேயே மூடிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. 8 இதழ்கள் கொண்ட அந்த அபர்ச்சர் கிளிக் இல்லாமல் நழுவித் திறப்பதால், இன்று வீடியோ எடுப்பவர்களுக்கும் அது பிடித்துப்போயிருக்கிறது.

லென்ஸின் மேல் பொறித்திருப்பவற்றையும் படித்துப் பாருங்கள். எண்கள் உலோகத்தில் வெட்டப்பட்டு, பள்ளத்தில் வண்ணம் நிரப்பப்பட்டிருக்கும்; மேற்பரப்பு தேய்ந்தாலும் எண் அழியாது. தூரக் குறிகளுக்குக் கீழே, ஒவ்வொரு அபர்ச்சருக்கும் எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை தெளிவாக விழும் என்று காட்டும் கோடுகள் இருக்கும். நிக்கான் நிறுவனத்தின் நிக்கோர் லென்ஸ்களில் இதை இன்னும் நேர்த்தியாகச் செய்தார்கள்: அபர்ச்சர் எண் எந்த நிறத்தில் இருக்கிறதோ அதே நிறத்தில் அதற்குரிய இரு கோடுகளும் இருக்கும், தேட வேண்டியதே இல்லை. தெருவில் நடந்தபடி படம் எடுப்பவர் எஃப்/8-ஐ வைத்து, அந்தக் கோடுகளைப் பார்த்துத் தூரத்தை அமைத்துவிட்டால், அதன்பின் ஃபோகஸைத் தொடாமலேயே எடுத்துக்கொண்டு போகலாம். மேசைமேல் வைத்துப் பார்த்து ரசிப்பதற்காக மட்டும் இவற்றைப் பொறிக்கவில்லை. லென்ஸைப் பயன்படுத்துபவர் என்ன கணக்கு போடுவார் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பொறித்திருக்கிறார்கள்.

அடாப்டரைப் பற்றி ஒரு சொல். எம்42 லென்ஸ்கள் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்கும்படி கணக்கிடப்பட்டவை. சோனி இ மவுண்டில் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டுமே, மீதமுள்ள 27.46 மி.மீ.-ஐத் தருவதுதான் அடாப்டரின் ஒரே வேலை, உள்ளே கண்ணாடி எதுவும் தேவையில்லை. மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் இந்த நீளம் சற்றுக் குறைவாக இருக்கும். அப்போது லென்ஸின் முடிவிலிக் குறிக்குச் சற்று முன்பே தொலைவிலுள்ளவை கூர்மையாகிவிடும், தூரக் குறிகளும் பொருந்தா. லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் அடாப்டரைச் சோதியுங்கள்.

மறுமொழி 3

மேலே சொன்ன வரலாற்றையும் வேலைப்பாட்டையும் நானும் மதிக்கிறேன். எனினும் இந்த உரையாடல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய லென்ஸில் காணும் ஒவ்வொரு குறையையும் ‘தனித்தன்மை’ என்று அழைக்கும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. சுழற்சி பயோட்டார் வடிவமைப்பின் இயல்பு என்பது சரி. ஆனால் படத்தின் இடப்பக்கம் கூர்மையாகவும் வலப்பக்கம் மங்கலாகவும் இருந்தால் அது வடிவமைப்பின் இயல்பாக இருக்க முடியாது. ஒரு கண்ணாடி நடு அச்சிலிருந்து விலகியிருக்கிறது, தொழிற்சாலையிலேயோ, பின்னர் யாரோ பிரித்துச் சரியாகப் பூட்டாததாலோ. பெருந்தொகையாகச் செய்யப்பட்ட சோவியத் லென்ஸ்களில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு அதிகம் என்பது அவற்றைப் பயன்படுத்தும் எல்லோரும் அறிந்ததே. இரவில் தொலைவிலுள்ள தெருவிளக்கு ஒன்றை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்து, முழுத் திறப்பில் எடுத்துப் பாருங்கள். மூலைகளில் விளக்கு உருமாறலாம். ஆனால் நான்கு மூலைகளிலும் ஒரே விதமாக, சமச்சீராக உருமாற வேண்டும். அப்படியில்லையென்றால் அந்த லென்ஸைப் பார்த்து பயோட்டாரின் வடிவமைப்பை மதிப்பிடக் கூடாது.

பழைய வடிவமைப்பாளர்கள் குறைகளை விரும்பினார்கள் என்ற எண்ணமும் எனக்கு உடன்பாடில்லை. லைக்கா கேமராக்களைச் செய்த லைட்ஸ் நிறுவனம் 1966-இல் நாக்டிலக்ஸ் 50 மி.மீ. எஃப்/1.2 லென்ஸைக் கொண்டுவந்தபோது, கோளப் பிறழ்ச்சியை (லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிர்களும் நடுவில் நுழைபவையும் ஒரே புள்ளியில் குவியாத பிழையை) அடக்குவதற்காகக் கோள வடிவம் அல்லாத இரு பரப்புகளைக் கையால் தேய்த்துச் செய்தார்கள். அது எவ்வளவு கடினம் என்றால், 1970களில் அதற்கு மாற்றாக வந்த எஃப்/1 வகையில் அத்தகைய பரப்புகளையே விட்டுவிட்டார்கள். இன்று அத்தகைய கண்ணாடிகளை அச்சில் வார்த்து, சாதாரண விலையுள்ள லென்ஸிலும் வைக்கிறார்கள். அன்றைய மேதைகள் எதற்காக ஏங்கினார்களோ அதுவே இப்போது நம் கையில் இருக்கிறது. அதைச் ‘சுவையற்ற கூர்மை’ என்று தள்ளுவது, அவர்களுடைய உழைப்பின் திசையையே மறந்துவிடுவதாகும்.

சிறந்த பழைய லென்ஸ் என்று நான் சுட்டுவது, தன்னைக் காட்டிக்கொள்ளாத ஒன்றை. நிக்கோர் 105 மி.மீ. எஃப்/2.5 நிக்கான் எஃப் கேமராவுடன் 1959-இல் வந்தபோது சோனார் வகையில் இருந்தது. 1971-இல், முகப்படம் எடுக்கும் அண்மைத் தூரத்திலும் மேலும் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று அமைப்பையே மாற்றினார்கள். 1984-இல் பெஷாவருக்கு அருகிலுள்ள அகதிகள் முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்து, அடுத்த ஆண்டு நேஷனல் ஜியாகரஃபிக் இதழின் அட்டையில் வந்த ஆப்கானியச் சிறுமியின் படம் இந்த லென்ஸில் எடுக்கப்பட்டதே. அதைப் பார்ப்பவர் யாரும் பின்னணி எப்படி மங்கியிருக்கிறது என்று பேசுவதில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தெருவிளக்குச் சோதனையை ஹீலியோஸில் செய்து பார்த்தேன். நான்கு மூலைகளிலும் ஒளிப்புள்ளி ஒரே விதமாக, மையத்தைச் சுற்றிய கண் வடிவில்தான் விழுகிறது. முன் வளையத்தில் எண்ணைக் குறித்துவிட்டு அடுத்த வளையத்தால் மூடும் முறையும் இப்போது கைக்குப் பழகிவிட்டது.

டாக்குமாரின் மஞ்சள் சாயலைப் பற்றி யாரேனும் விளக்க முடியுமா? வெள்ளைத் தாளின் மேல் லென்ஸை வைத்துப் பார்த்தால் தேநீர் நிறம் தெளிவாகத் தெரிகிறது. மேலும், கடற்கரைக்கு அருகில் வசிப்பதால் பூஞ்சையைப் பற்றிய அச்சமும் இருக்கிறது.

மறுமொழி 4

அந்த மஞ்சள் சாயலுக்குக் காரணம் தோரியம். சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 முதன்முதலில் 1964-இல் 8 கண்ணாடிகளோடு வந்தது. பின்னர் 7 கண்ணாடிகளாகக் குறைத்தபோது, தோரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடியை அசாஹி பயன்படுத்தியது. அத்தகைய கண்ணாடியின் ஒளிவிலகல் எண் அதிகம். நிறங்களைப் பிரிக்கும் தன்மையோ குறைவு. பொதுவாக இவ்விரு பண்புகளும் ஒரே கண்ணாடியில் சேர்ந்து கிடைப்பது அரிது. விலகல் எண் அதிகமாக இருந்தால் வளைவுகளை மென்மையாக வைத்துக்கொண்டே ஒளியைத் தேவையான அளவு திருப்பலாம், வளைவு மென்மையானால் பிழைகள் குறையும். ஆகவே அதைக் கலந்தது வெறும் சிக்கனத்துக்காக என்று கொள்ளக் கூடாது. அன்றைக்குக் கிடைத்த மிகச் சிறந்த பொருளை நாடியிருக்கிறார்கள். ஆனால் தோரியம் கதிரியக்கம் உள்ளது. அது வெளியிடும் கதிர்கள் பல ஆண்டுகளில் கண்ணாடியின் உள்ளமைப்பில் சிறு மாறுதல்களை உண்டாக்கி, நீல ஒளியை உறிஞ்சவைக்கின்றன. நீங்கள் காணும் தேநீர் நிறம் அதுதான்.

புற ஊதா ஒளி பட்டால் அந்த மாறுதல்கள் பெரும்பாலும் மீண்டுவிடும். லென்ஸின் பின்பக்கம் மேலே பார்க்க, வெயில் விழும் சன்னலோரத்தில், அடியில் அலுமினியத் தாளை வைத்துச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை விட்டுவைத்தால் நிறம் வெளுப்பதைக் காணலாம். நம் ஊர் உச்சி வெயிலில் நேரடியாக வைக்காதீர்கள். உலோகம் சூடேறி, கிரீஸ் இளகி அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் படிந்துவிடும். குறைந்த வெப்பம் தரும் புற ஊதா எல்.இ.டி. விளக்கு அதைவிடப் பாதுகாப்பானது. அதை ஏற்றும்போது வெறும் கண்ணால் பார்க்க வேண்டாம். கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுப்பவராக இருந்தால், அந்த மஞ்சளை அப்படியே விட்டு, மேகங்களை எடுத்துக்காட்டும் ஃபில்டராகவும் கொள்ளலாம்.

கதிரியக்கம் என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. கேமராவில் பொருத்திப் படம் எடுப்பதில் கவலைப்படும்படியான அளவு எதுவும் இல்லை. அந்தக் கண்ணாடியைத் தேய்ப்பது, உடைப்பது, பொடி பறக்கச் செய்வது, கண்ணருகே வைத்துப் பூதக்கண்ணாடியாகப் பயன்படுத்துவது ஆகியவற்றை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும்.

பூஞ்சையைத்தான் நான் உண்மையில் அஞ்சத்தக்க பகையாகக் கருதுகிறேன். சென்னை போன்ற கரையோர ஊர்களில் காற்றின் ஈரம் ஆண்டின் பெரும்பகுதி அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சொல்லவே வேண்டாம். கண்ணாடிமேல் பூஞ்சை படரும்போது அது வெளிவிடும் அமிலம் முதலில் பூச்சையும் பின்னர் கண்ணாடியையும் அரிக்கிறது. படலத்தைத் துடைத்தெடுத்தாலும் அரித்த தடம் போகாது. விளக்கை எதிரே வைத்தால் கிளை பிரிந்த கோலமாக அது தெரியும். ஈரம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் உலர்பெட்டியில் வைப்பது மிக நல்லது. அது இயலாதபோது, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நிறம் மாறியவுடன் ஜெல்லைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்துங்கள். லென்ஸோடு வந்த தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும், பூஞ்சைக்கு உணவாகவும் ஆகும்.

இனி வாங்கும் லென்ஸ்களுக்கும் இதையே சொல்வேன்: வளையம், அபர்ச்சர் எல்லாம் பார்த்தபின், பின்பக்கத்திலிருந்து ஒரு சிறு டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். தூசித் துகள்கள் எந்தப் பழைய லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. பால்போன்ற மூட்டமோ, ஒட்டிய கண்ணாடிகளின் ஓரத்தில் வானவில் நிறத்தில் விரிசலோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடுங்கள். மூட்டத்தைச் சில சமயம் துடைத்துவிடலாம். ஒட்டு விட்டுப்போனதைச் சரிசெய்வது எல்லோராலும் ஆகாது.

மறுமொழி 1 (தொடர்ச்சி)

மூன்றாம் மறுமொழியில் நண்பர் சொன்ன எச்சரிக்கை மிகச் சரி. தேய்ந்துபோன ஒரு லென்ஸின் கோளாறு வேறு, அதன் வடிவமைப்பின் இயல்பு வேறு. ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன்: இன்றைய லென்ஸ் பிழைகளை அதிகம் அடக்குகிறது என்பதை ஒப்புக்கொண்டே, 6 அல்லது 7 கண்ணாடிகளுக்குள் நின்று ஒருவர் செய்த பங்கீட்டை ரசிக்கலாம். ஓரத்தில் கூர்மை வேண்டிய படத்துக்கு நானும் புதிய லென்ஸைத்தான் எடுக்கிறேன்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு யோசனை. டாக்குமார் வெளுத்தபின், இரண்டு லென்ஸ்களையும் ஒரே ஸ்டாண்டில் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒன்றரை மீட்டரில் ஒருவரை நிற்கவைத்து, அவருக்குச் சில மீட்டர் பின்னால் இலைகளின் ஊடே வானம் தெரியும்படி அமைத்து, முழுத் திறப்பிலும் எஃப்/2.8, எஃப்/4, எஃப்/8-இலும் எடுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒரே அளவில் நிறுத்திவையுங்கள். பின்பு சூரியனைச் சட்டகத்துக்குச் சற்று வெளியே வைத்து, ஹூட் போட்டும் போடாமலும் ஒவ்வொன்று எடுத்தால், பூச்சின் வேறுபாடும் தெரிந்துவிடும். ஹீலியோஸின் மேல் உள்ள தொடர் எண்ணின் முதல் இரு இலக்கங்கள் பெரும்பாலும் அது செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும். அதையும் சேர்த்துப் படங்களை இங்கே பதிவிட்டால், எந்த அபர்ச்சரில் எந்தப் பிழை மறைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.